மலேர்கோட்லா: ஒரு ‘ஐயோ’வின் மேல் நிற்கும் ஊர்

பஞ்சாபில் இன்று நூறு பேரை எடுத்தால் அதில் முஸ்லிம்கள் இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள். 1947க்கு முன் நிலைமை வேறு. பிரிவினையின்போது இந்தியா பக்கம் வந்த கிழக்குப் பஞ்சாபில் ஊர் ஊராக இருந்த முஸ்லிம்கள் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய மொத்தமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. கிளம்பியவர்களில் எண்ணற்றோர் வழியிலேயே வெட்டப்பட்டார்கள், அதே நாட்களில் மேற்கே இருந்த சீக்கியருக்கும் இந்துக்களுக்கும் அதே கதிதான். அப்படித் துடைத்துவிட்டது போல் ஆன மாநிலத்தில், லூதியானாவிலிருந்து சங்ரூர் போகும் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓர் ஊர் மட்டும் கலையாமல் இருக்கிறது. பெயர் மலேர்கோட்லா. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 1,35,424. நூற்றுக்கு 68 பேர் போல முஸ்லிம்கள், 20 பேர் போல இந்துக்கள், மீதி சீக்கியரும் கொஞ்சம் ஜைனரும். எல்லாருமே வீட்டில் பேசுவது பஞ்சாபிதான்.

இந்த ஊர் எப்படித் தப்பியது என்று பஞ்சாபில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ‘ஹா தா நாரா.’ பஞ்சாபியில் ‘ஹா’ என்றால் நெஞ்சு பதறி வரும் குரல், நாம் ‘ஐயோ’ என்று கத்துவோமே, அது. ‘நாரா’ என்றால் உரத்து எழுப்பும் குரல். முன்னூறு வருடத்துக்கு முன் இந்த ஊர் நவாப் ஒருவர் எழுப்பிய அந்த ஒற்றைக் குரல்தான் ஊரைக் காத்தது என்பார்கள். எனக்கு அந்தக் கதை மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் இந்த ஊரைப் பாதிதான் புரிந்துகொண்டோம் என்றும் நினைக்கிறேன். கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பாதிக்கு வருகிறேன்.

1704 டிசம்பர் (1705 என்றும் ஒரு கணக்கு உண்டு). அனந்தபூர் கோட்டையைப் பல மாதங்கள் முகலாயப் படையும் மலை நாட்டு ராஜாக்களும் முற்றுகையிட்டிருந்தார்கள். பாதுகாப்பாகப் போக வழிவிடுகிறோம் என்று சத்தியம் செய்து கொடுத்ததை நம்பி, சீக்கியர்களின் பத்தாவது குரு கோவிந்த் சிங் தன் ஆட்களோடு வெளியே வந்தார், வந்ததும் பின்னாலிருந்து தாக்கினார்கள். பெருக்கெடுத்து ஓடிய சர்சா ஆற்றைக் கடக்கும்போது குடும்பம் சிதறிப்போனது. மூத்த மகன்கள் இருவரும் குருவோடு சம்கௌர் போய் அங்கே சண்டையில் இறந்தார்கள். இளையவர்கள் இருவரும் பாட்டி மாதா குஜ்ரியோடு தனியே அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களைச் சர்ஹிந்துக்குக் கொண்டுபோய், டிசம்பர் குளிரில் நாலு பக்கமும் காற்று அடிக்கும் ஒரு கோபுரத்தில் அடைத்தார்கள். சர்ஹிந்தின் ஆளுநர் வசீர் கான். பையன்களில் ஜோராவர் சிங்குக்கு ஒன்பது வயது. ஃபதே சிங்குக்கு ஏழு கூட நிறைந்திருக்காது.

மதம் மாறச் சொன்னார்கள், பிள்ளைகள் மறுத்தார்கள். உயிரோடு நிற்கவைத்துச் சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று. சபையில் மலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கானும் இருந்தார். சம்கௌரில் இவர் பக்கத்து ஆள், இவருடைய உறவே, குருவின் அம்பில் செத்திருந்தார். வசீர் கான் இவர் பக்கம் திரும்பி, இதோ அந்த ஆளின் பிள்ளைகள், பழி தீர்த்துக்கொள் என்றார். ஷேர் முகமது கான் மறுத்தார். எனக்குச் சண்டை அவர்களுடைய அப்பாவோடு, அது போர்க்களத்தில் தீரும், இந்தப் பால்மணம் மாறாத குழந்தைகள் என்ன செய்தார்கள், நம் மார்க்கம் இதற்கு இடம் கொடுக்காது என்று சொல்லி, ‘ஹா!’ என்று குரலெழுப்பிச் சபையைவிட்டு வெளியேறினார்.

பிள்ளைகளை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அவர் செய்ததெல்லாம், எல்லாரும் வாய்மூடி நின்ற இடத்தில் வாய் திறந்ததுதான்.

செய்தி ராய்கோட் பக்கத்தில் தங்கியிருந்த குருவிடம் வந்தது. நூரா மாஹி என்ற முஸ்லிம்தான் சர்ஹிந்த் போய் விவரம் அறிந்து வந்து சொன்னவர். கேட்டுக்கொண்டே குரு கத்தி முனையால் தரையில் இருந்த ஒரு புல்லை வேரோடு கெல்லி எடுத்தாராம், இந்த ஆட்சியின் வேரும் இப்படிப் பிடுங்கப்படும் என்றாராம். என் பிள்ளைகளுக்காக ஒருவர்கூடப் பேசவில்லையா என்று கேட்டபோது, மலேர்கோட்லா நவாப் பேசினார் என்று பதில் வந்தது. அப்படியானால் மலேர்கோட்லாவின் வேர் நிலைக்கும் என்று வாழ்த்தினார். இதுதான் கதை. ஊரில் இன்று குருத்வாரா ஹா தா நாரா சாஹிப் என்றே ஒரு குருத்வாரா இருக்கிறது. ஒரு முஸ்லிம் நவாபின் ஒரு குரலுக்காகக் கட்டப்பட்ட சீக்கியர் கோயில். வேறு எங்கும் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது 1947க்கு வருவோம். மலேர்கோட்லா அப்போது ஒரு குட்டி சமஸ்தானம், 167 சதுர மைல்தான். சுற்றிலும் பட்டியாலா, நாபா போன்ற சீக்கிய சமஸ்தானங்களும் பிரிட்டிஷ் பஞ்சாபின் லூதியானா மாவட்டமும். அந்த வருடம் ஆகஸ்டிலிருந்து ஆயுதம் தாங்கிய ஜதாக்கள், அதாவது கும்பல்கள், கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தன. பட்டியாலா சமஸ்தானத்தில் நடந்த கொலைகள் பஞ்சாபிலேயே மிக மோசமானவற்றில் சேரும். அந்தக் கும்பல்கள் மலேர்கோட்லாவின் எல்லைக்கு வந்ததும் நின்றுவிட்டன என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். துரத்தப்பட்டவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டினால் பிழைத்தார்கள். தாண்டுவதற்கு ஒரு வயல் தூரம் இருக்கும்போது பிடிபட்டவர்களும் உண்டு. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். பலர் பிற்பாடு பாகிஸ்தான் போனார்கள், பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று மலேர்கோட்லாவில் இருக்கும் முஸ்லிம் குடும்பங்களில் கணிசமானவை உண்மையில் அன்று ஓடி வந்தவர்களின் வாரிசுகள். இந்த ஊர் தப்பித்த ஊர் மட்டும் கிடையாது, தஞ்சம் கொடுத்த ஊரும்கூட.

குருவின் வாக்குதான் கும்பலை நிறுத்தியதா? நிறுத்தியதில் அதற்குப் பங்கு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் கையில் வாளோடு வந்தவர்களும் தங்களைக் குருவின் பிள்ளைகளாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், குரு வாழ்த்திய மண்ணில் ரத்தம் சிந்த அவர்களுக்கே கை நடுங்கியிருக்கும். ஆனால் நவாபின் படையும் இருந்தது. சிறிய படைதான், ஆனாலும் மலேர்கோட்லா சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பெயரில் 1900இல் சீனா வரைக்கும், அப்புறம் முதல் உலகப் போருக்கும் போய்வந்த படை. ஊருக்குள் எல்லா சமூகத்துப் பெரியவர்களும் சேர்ந்து இரவுக் காவல் இருந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். நவாப் குடும்பம் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை லாகூர் பக்கம் போனது. ஆனால் அப்போது பட்டத்துக்கு வந்திருந்த இஃப்திகார் அலி கான் இங்கேயே இருந்துவிட்டார், 1982இல் இறக்கும் வரைக்கும். ஆள்கிறவர் ஓடவில்லை என்பது ஊருக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த இன்னொரு பாதி.

ஹா என்று குரலெழுப்பிய அதே ஷேர் முகமது கான், அதற்கு முன்னும் பின்னும் குருவுக்கு எதிர்ப்பக்கம்தான் நின்றார். அனந்தபூர், சம்கௌர் சண்டைகளில் அவர் முகலாயப் படையோடு இருந்தவர். 1710 மே மாதம் குருவின் சீடர் பந்தா சிங் பகதூர் சர்ஹிந்தின் மேல் படையெடுத்து வந்தபோது, சப்பர் சிரிப் போரில் வசீர் கான் பக்கம் நின்று சண்டை போட்டதும் அவர்தான். இதைவிடக் கசப்பான ஒன்றும் சீக்கிய மரபிலேயே இருக்கிறது. அனந்தபூரைவிட்டு வெளியேறிய அந்தக் குழப்பத்தில் அனூப் கௌர் என்ற பெண்ணை ஷேர் முகமது கானின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், தன்னை அடைய விடாமல் அவள் தானே குத்திக்கொண்டு செத்தாள், அவளைப் புதைத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து பந்தா சிங் மலேர்கோட்லாவுக்கு வந்து, அவள் உடலைத் தோண்டி எடுத்து முறைப்படி தகனம் செய்தார். ஊரை அழிக்காமல் போனார். இரண்டு கதைகளும் ஒரே மனிதரைப் பற்றியவை. இரண்டையும் சொல்பவர்களும் ஒரே மக்கள். அவர்கள் எதை நடுவீட்டில் வைத்தார்கள், எதை உள்ளறையில் வைத்தார்கள் என்று பார்க்கும்போதுதான் எனக்கு இந்த ஊர் பிடிபட ஆரம்பித்தது.

இன்னும் இருக்கிறது. 1762 பிப்ரவரியில் ஆப்கானிய அரசன் அகமது ஷா அப்தாலி, மலேர்கோட்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குப், ரஹீரா கிராமங்களில், பெண்களோடும் குழந்தைகளோடும் போய்க்கொண்டிருந்த சீக்கியக் கூட்டத்தை வளைத்துக்கொண்டான். ஒரே நாளில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். வட்டா கல்லுகாரா, பெரும் படுகொலை என்று சீக்கியர்கள் இன்றும் நினைவுகூரும் நாள் அது. அன்று அப்தாலியோடு சேர்ந்து நின்றவர்களில் மலேர்கோட்லாவின் பிக்கன் கானும் ஒருவர். அடுத்த வருடமே சீக்கியர்கள் அவரைக் கொன்றார்கள், 1764இல் சர்ஹிந்தைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள். மலேர்கோட்லாவின் கணக்கையும் அப்போதே தீர்த்திருக்கலாம், கேட்பதற்கு ஆள் இல்லை. தீர்க்கவில்லை. நிலத்தை நிறையப் பிடுங்கிக்கொண்டார்கள், ஊர் பிழைத்தது.

இங்கே வாழ்த்துக் கதையோடு ராஜதந்திரமும் வேலை செய்தது என்று நினைக்கிறேன். அடுத்த சில வருடங்களில் மலேர்கோட்லாக்காரர்கள் பட்டியாலாவோடு சமாதானம் செய்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரிய மனிதரோடு ஒத்துப்போவது மாதிரியான உறவு, ஆனால் இரண்டு பக்கமும் அதைக் காப்பாற்றின. 1794இல் குரு நானக் வம்சத்தில் வந்த பேதி சாஹிப் சிங், பசுவதையைக் காரணம் காட்டி மலேர்கோட்லா மேல் படையெடுத்தபோது உதவிக்கு வந்ததும் சீக்கிய ராஜாவின் பட்டியாலாதான். 1809இல் சட்லெஜுக்குத் தெற்கே இருந்த மற்ற சமஸ்தானங்களோடு சேர்ந்து இதுவும் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் போனது. அதற்கப்புறம் பக்கத்து ராஜாக்கள் படையெடுத்து வரும் பயம் இல்லை.

ஆனால் பசு விவகாரம் விடவில்லை. 1872 ஜனவரி. லூதியானா பக்கத்து பைனி கிராமத்தைச் சேர்ந்த பாபா ராம் சிங்கின் சீடர்கள், நாம்தாரிகள் அல்லது கூக்காக்கள் என்பார்கள், வெள்ளை உடை, கம்பளி நூலில் ஜபமாலை, சைவ உணவு, பசுப் பாதுகாப்பில் தீவிரம். முந்தின வருடம் அமிர்தசரசிலும் ராய்கோட்டிலும் கசாப்புக்காரர்களைக் கொன்ற வழக்கில் சில கூக்காக்களைத் தூக்கிலிட்டிருந்தார்கள், கொதிப்பு அடங்கவில்லை. மலேர்கோட்லாவில் ஒரு கூக்காவின் கண்முன்னேயே ஒரு மாட்டை அறுத்து அவமானப்படுத்தினார்கள் என்று ஒரு செய்தி பரவ, ஜனவரி 15ஆம் தேதி நூற்றுச் சொச்சம் பேர் ஊருக்குள் புகுந்து தாக்கினார்கள். ஊர்க் காவல் தலைவரான கொத்தவால் உட்படச் சிலர் செத்தார்கள், தாக்கியவர்களிலும் சிலர் விழுந்தார்கள், மற்றவர்கள் பட்டியாலா எல்லையில் ஒரு கிராமத்தில் தாங்களாகவே சரணடைந்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கொடூரம். லூதியானா துணை ஆணையர் கோவன், விசாரணை எதுவும் இல்லாமல், மேலிடத்து உத்தரவுக்கும் காத்திராமல், ஜனவரி 17 அன்று மலேர்கோட்லா மைதானத்தில் பீரங்கிகளை நிறுத்தினார். ஏழு பீரங்கி, ஏழு முறை. 49 பேரை அவற்றின் வாயில் வைத்துச் சிதறடித்தார்கள். ஐம்பதாவது, பிஷன் சிங் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் என்று நாம்தாரிகள் சொல்கிறார்கள், பாய்ந்துபோய்க் கோவனின் தாடியைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை, அங்கேயே வாளால் வெட்டினார்கள். மறுநாள் ஆணையர் ஃபோர்சைத் வந்து, இன்னும் 16 பேரை அதே மாதிரி. மொத்தம் 66. கோவனை அரசாங்கம் பிறகு வேலையைவிட்டு நீக்கியது, ஃபோர்சைத்தை வேறு மாகாணத்துக்கு மாற்றியது, ராம் சிங்கை ரங்கூனுக்கு நாடுகடத்தியது. இன்று அந்த இடத்தில் உயரமான ஒரு கண்டா, அதாவது இருபக்கமும் கூரான சீக்கியர் வாள், நிற்கிறது, உடலெங்கும் 66 துளைகளோடு. துளை வழியே மறுபக்கத்து வானம் தெரியும்.

யோசித்தால் இது எளிதில் இந்து–முஸ்லிம், சீக்கியர்–முஸ்லிம் பகையாகவே நினைவில் நின்றிருக்கக்கூடிய சம்பவம். பசுவில் ஆரம்பித்து, முஸ்லிம் ஊருக்குள் புகுந்து தாக்கி முடிந்தது. ஆனால் நினைவுச்சின்னத்தில் நிற்பது பீரங்கி வைத்த ஆங்கிலேயனின் கொடுமை. அதுவும் உண்மைதானே. எந்த உண்மையை எடுத்து நிறுத்துவது என்பதில் இந்த ஊருக்கு ஒரு கைத்திறமை இருக்கிறது.

அதற்காக ஊருக்குள் சண்டையே வந்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1935இல், கடைவீதியில் இந்துக்கள் இரவில் நடத்திய புராணக் கதை வாசிப்பும் பக்கத்து மசூதியின் இரவுத் தொழுகையும் ஒரே நேரத்தில் மோதி, தகராறாகி, உயிர்ப்பலி வரைக்கும் போய், பல வருடம் கசப்பு தீரவில்லை. நவாப் அகமது அலி கான் காலம் அது. பன்னிரண்டே வருடத்தில் 1947 வந்தது. அதாவது பிரிவினைக்குச் சற்று முன்புவரை கை ஓங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் பிரிவினையின்போது சேர்ந்து நின்றார்கள். வாழ்த்து இருக்கிறது, எல்லாம் தானாகச் சரியாகும் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. 2016 ஜூனிலும் குர்ஆன் பக்கங்கள் கிழித்துப் போடப்பட்டிருந்தது தெரியவந்து கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. சில நாட்களில் அடங்கியது. மதங்களுக்கு இடையே கைகலப்பாக அது மாறவில்லை. அதை மாறவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

ஊர் எப்படி உண்டானது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷேக் சத்ருத்தீன் என்ற ஆப்கானிய சூஃபி இங்கே ஒரு நீரோடைக் கரையில் குடிசை போட்டுத் தியானத்தில் இருந்தார். டெல்லியைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த பஹ்லூல் லோதி வழியில் இங்கே தங்க, இரவில் புயல் அடித்து அவன் கூடாரமெல்லாம் பறந்துபோனது, குடிசையில் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்ததாம். சுல்தான் ஆனபின் தன் மகளை இவருக்குக் கட்டிக்கொடுத்து ஜாகீரும், அதாவது மானிய நிலமும், கொடுத்தான், 1454 என்று சொல்வார்கள். அந்த ஊர்தான் மலேர். இருநூறு வருடம் கழித்து அவர் வம்சத்தில் வந்த பாயசித் கான் பக்கத்திலேயே கோட்டைச் சுவரோடு இன்னொரு ஊரைக் கட்டினார், அது கோட்லா. அடிக்கல் நாட்ட ஒரு சூஃபியையும் ஒரு வைணவ பைராகி சாதுவையும் சேர்த்தே அழைத்தார் என்று ஊர்க் கதை. ரொம்ப காலம் இரண்டும் தனித்தனி ஊர்களாகவே இருந்து, பிற்பாடுதான் நடுவில் மோதி பஜார் வந்து இரண்டையும் ஒட்டவைத்தது. ஊர்ப்பெயரிலேயே அந்தத் தையல் தெரிகிறது.

அந்த ஷேக் சத்ருத்தீனைத்தான் ஜனங்கள் ஹைதர் ஷேக் என்றும் பாபா என்றும் கூப்பிடுகிறார்கள். பழைய மலேரில் மேட்டுப் பகுதியில் இருக்கிறது தர்கா. வியாழக்கிழமை கூட்டம். கோடையில், ஜூன் வாக்கில், நிர்ஜல ஏகாதசியை ஒட்டி வரும் திருவிழாவுக்குப் பஞ்சாபின் மூலைமுடுக்கிலிருந்து ட்ராக்டர் ட்ராலிகளில் வந்து இறங்குகிறார்கள். இந்து விரத நாளில் முஸ்லிம் ஞானியின் சமாதியில் சீக்கியர் கூட்டம். வருகிறவர்களில் பெரும்பாலோர் சீக்கியரும் இந்துக்களும்தான், சமாதியைப் பார்த்துக்கொள்ளும் கலீஃபாக்கள் அவருடைய வாரிசுகளான முஸ்லிம்கள். போர்வை சாத்துவார்கள், இனிப்பு படைப்பார்கள், ஆடு நேர்ந்துவிடுவார்கள். குழந்தை வேண்டும், நோய் தீர வேண்டும், பேய் விலக வேண்டும் என்று வருகிற பெண்களில் சிலர் மேல் பாபாவே இறங்கிக் குறி சொல்வதும் உண்டு. மார்க்கப் பற்றுள்ள உள்ளூர் முஸ்லிம்கள் பலருக்கு இந்தச் சாமியாட்டம் உவப்பானதில்லை. ஆனாலும் யாரும் யாரையும் தடுப்பதில்லை. தர்காவுக்கு வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், வழியில் பூவும் மிட்டாயும் போர்வையும் விற்கிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலையும் அமைதியின் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

பிழைப்பு என்று பார்த்தால் இந்த ஊர் தன்னைச் சுற்றியுள்ள மால்வா பகுதியிலிருந்து தனித்துத் தெரியும். சுற்றிலும் கோதுமை, நெல், மறுபடி கோதுமை. மலேர்கோட்லாவைச் சுற்றி மட்டும் காய்கறி. கம்போஜ் சமூகத்து முஸ்லிம் விவசாயிகள், துண்டு நிலங்களில் காலிஃபிளவர், முட்டைகோஸ், வெங்காயம், மிளகாய் என்று வருடம் முழுக்க மாற்றி மாற்றிப் பயிர் செய்கிறார்கள், மற்ற ஊர்க்காரர்கள் நாற்று வாங்க இங்கே வருகிறார்கள். நவாப் காலத்தில் நிலமும் அதிகாரமும் ஆப்கானியக் குடும்பங்களின் கையில் இருந்தது, 1948இல் சமஸ்தானம், பட்டியாலா போன்ற பக்கத்து சமஸ்தானங்களைச் சேர்த்து உருவான பெப்சு மாநிலத்தில் இணைந்தபின் அது மெல்ல மெல்லக் கரைந்து, மண்ணில் கைவைத்து வேலை செய்த இவர்கள் ஊரின் முதுகெலும்பானார்கள். மதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் கண்ணுக்கு இந்த மாற்றம் தப்பிவிடும்.

இன்னொரு தொழில் பேட்ஜ். ராணுவ, போலீஸ் அதிகாரிகளின் தோளிலும் தொப்பியிலும் மின்னுமே, கையால் தைத்த சின்னங்கள், அவை. மரச் சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டுவார்கள். ஊசியால் குத்திய காகிதத்தைத் துணி மேல் விரித்துச் சுண்ணப் பொடி தேய்த்தால் படம் புள்ளிப் புள்ளியாக இறங்கும். ஆரி ஒர்க் செய்கிறவர்களுக்கு இதுவரை எல்லாம் தெரிந்ததுதான். அதற்கப்புறம் அட்டையோ பஞ்சு நூலோ வைத்து மேடாக்கி, ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட உலோகக் கம்பியைக் கத்தரிக்கோலால் அரிசி அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பாசிமணி கோப்பது போல ஊசியில் ஏற்றி அழுத்தித் தைக்க வேண்டும். ஒரு துண்டு நீளம் கூடினால் முதுகு வளைந்து நிற்கும், குறைந்தால் நூல் தெரியும். சிங்கத்தின் பிடரி, கிரீடம், கழுகின் இறகு எல்லாம் இந்த அரிசித் துண்டுகளால் ஆனவை. இந்தியப் படைகளோடு பல வெளிநாட்டுப் படைகளுக்கும் கல்லூரிகளுக்கும் இங்கிருந்து பேட்ஜ் போகிறது. கண் மங்கும் வேலை, தைக்கிறவர் கைக்கு வரும் கூலி அதற்குத் தகுந்ததாக இருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2021 மே 14, ரம்ஜான் பெருநாள் அன்று, அதுவரை சங்ரூரில் இருந்த இந்தப் பகுதியைப் பஞ்சாபின் 23ஆவது மாவட்டமாக முதல்வர் அமரிந்தர் சிங் அறிவித்தார். அவர் பழைய பட்டியாலா ராஜ குடும்பத்து வாரிசு என்பது கவனிக்க வேண்டியது. மதத்தை வைத்து மாவட்டம் பிரிப்பதா என்று உத்தரப் பிரதேச முதல்வர் கண்டித்தார், மலேர்கோட்லா பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்கிற தொனியில் அமரிந்தர் பதில் சொன்னார். ஊர்க்காரர்களுக்கு அந்த வாய்ச்சண்டையைவிட, ஒரு கையெழுத்துக்காக இனி சங்ரூருக்கு அலைய வேண்டாம் என்பதுதான் பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

அதே வருடம் பஞ்சாப் அரசு நவாப் மாளிகையான முபாரக் மன்சிலையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. கடைசி நவாபின் மனைவி பேகம் முனவ்வருன்னிசா அந்த இடிந்துகொண்டிருந்த மாளிகையில் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. சுவர் பூச்சு உதிர்ந்து, செடி முளைத்து, அறைகளில் பாதி பூட்டிக் கிடந்தது. சீக்கிய அமைப்புகள் அவரை அழைத்துக் கௌரவித்ததுண்டு, ஷேர் முகமது கான் வீட்டு மருமகள் என்பதற்காக. 2023 அக்டோபரில் அவர் காலமானார். நவாப் வம்சம் அவரோடு முடிந்தது. வேர் நிலைக்கும் என்றது அந்தக் குடும்பத்தையா, ஊரையா என்று கேட்டால், ஊரைத்தான் என்று சொல்லும்படியாக ஆகிவிட்டது.

2020-21 குளிர்காலத்தில், டெல்லி எல்லையில் விவசாயிகள் வேளாண் சட்டங்களை எதிர்த்து உட்கார்ந்திருந்தபோது, மலேர்கோட்லா முஸ்லிம்கள் அங்கே போய் லங்கர், அதாவது எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு, நடத்தினார்கள். அதற்கும் முன்னால், 2020 பிப்ரவரியில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து மலேர்கோட்லாவில் பெரும் கூட்டம் நடந்தபோது பக்கத்துக் கிராமங்களிலிருந்து சீக்கிய விவசாயச் சங்கத்தினர், பெண்கள் உட்பட, ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். ஒன்று கொடுத்தது, ஒன்று திருப்பிக் கொடுத்தது. முன்னூறு வருடத்துக் கடன் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பக்கத்தில் யாரும் கணக்கை முடிக்க அவசரப்படவில்லை.

ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும், அந்த இரண்டு பிள்ளைகள் கொல்லப்பட்ட பழைய சர்ஹிந்தில், இப்போது ஃபதேகர் சாஹிப், லட்சக்கணக்கில் சீக்கியர்கள் கூடுகிறார்கள். பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாத பனி. சாலை நெடுக டிராலிகளை நிறுத்தி லங்கர் போட்டிருப்பார்கள். அதில் மலேர்கோட்லாவிலிருந்து வந்த முஸ்லிம்களும் உண்டு. அண்டா அண்டாவாக ஜர்தா, மஞ்சள் நிறத்தில் வேகவைத்த பாஸ்மதி அரிசியில் சர்க்கரையும் ஏலக்காயும் தேங்காய்க் கீற்றும் திராட்சையும் போட்ட இனிப்புச் சோறு. நிக்காஹ் வீட்டிலும் பெருநாளிலும் போடுகிற அதே சோறுதான். ஆவி பறக்கத் தொன்னையில் வாங்கி, தலைப்பாகை கட்டிய ஒரு தாத்தா முதல் வாயைப் பேரனுக்கு ஊட்டிவிட்டு, ‘இவங்க நவாப் ஊர்க்காரங்க’ என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பிப்பார். பையனுக்கு ஃபதே சிங் வயதுதான் இருக்கும்.